அதற்கும் ஒரு பங்கு... முதலில் எடுத்து வையுங்கள்!

பண்டிகை நாளில் வீட்டு நாய்க்கு எதைக் கொடுக்கலாம், எது உயிருக்கே உலை வைக்கும்?

தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சூடான இட்லியும் மட்டன் குழம்புமாக வீடே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. தட்டுக்கு ஓரடி தள்ளி, கண் இமைக்காமல் பார்த்தபடி நாய். "பாவம்டா, வாயையே பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரு வாய்தானே, போடு" என்கிறார் பாட்டி. குழம்பில் தோய்த்த இட்லித் துண்டு ஒன்று விழுகிறது. அடுத்து நல்லி எலும்பு. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டிலிருந்து அதிரசம். மதியம் பிரியாணி. சாயங்காலம் குழந்தையின் கையிலிருந்து பாதி சாக்லேட். யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லை, ஆளுக்கு ஒரு வாய்தான் கொடுத்தார்கள். வீட்டில் பத்துப் பேர்.

கொடுக்கும் மனசில் குற்றமே இல்லை. நல்ல நாளில் வீட்டில் இருக்கும் எந்த வாயும் வெறும் வாயாக இருக்கக் கூடாது என்பது நம் வழக்கம். பைரவரின் வாகனம் என்று நாய்க்குப் படையலில் பங்கு வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திஹார் பண்டிகையில் ஒரு நாள் முழுக்க நாய்களுக்கே உரியது. குக்குர் திஹார் என்ற அந்த நாளில் நாய்க்கு மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு, விருந்து வைக்கிறார்கள். ஆகவே 'பண்டிகைச் சாப்பாட்டை நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்' என்று சொல்வதில் பயனில்லை. எந்த வீடும் அதைக் கேட்காது, கேட்கவும் வேண்டியதில்லை. கொடுக்கலாம். எப்போது, எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சோறு தின்று பழகிய வயிறு

நாய் ஓநாய் வழி வந்ததுதான். ஆனால் அதன் வயிறு ஓநாயின் வயிறு இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் போட்ட மிச்சத்தைத் தின்றே தலைமுறை தலைமுறையாக நாய் இப்படி மாறியது. அதனால்தான் நம் ஊரில் சோறும் கறியும் தின்ற சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் நின்றன. நன்றாக வெந்த சோறு நாய்க்கு ஆகாத பொருள் இல்லை.

ஆபத்து சோற்றில் இல்லை, அதோடு சேர்வதில் இருக்கிறது. நாம் ருசிக்காகச் சேர்க்கும் சில பொருள்களை நம் கல்லீரலும் சிறுநீரகமும் சிரமமில்லாமல் சமாளித்துவிடும். நாயின் உடம்புக்கு அந்தத் திறன் இல்லை. பண்டிகைச் சமையலில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் ஒன்றுகூடிவிடுகின்றன.

கிஸ்மிஸ்: கண்ணுக்குத் தெரியாத முதல் எதிரி

சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் பொரித்த கிஸ்மிஸ். பாயசத்தில், கேசரியில், பூந்தி லட்டில் கிஸ்மிஸ். சில வீட்டுப் பிரியாணியிலும் உண்டு. திராட்சை பச்சையாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியது. தின்ற நாய் ஒரு நாளுக்குள் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த இரண்டு மூன்று நாள்களில் சிறுநீர் குறைந்து, கடைசியில் நின்றே போகலாம். எத்தனை பழம் வரை பயமில்லை என்று எந்த மருத்துவரும் அளவு சொல்வதில்லை. ஒரு கைப்பிடி தின்றும் தப்பிய நாய் உண்டு. கொஞ்சமே தின்று படுத்துவிட்ட நாயும் உண்டு.

இதற்குக் காரணம் என்ன என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்றதைப் போலவே சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் சேர்த்திருந்த கிரீம் ஆஃப் டார்ட்டர், டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போன அமெரிக்க விலங்கு நச்சுத் தடுப்பு மைய மருத்துவர்கள், திராட்சையில் நஞ்சாக வேலை செய்வது டார்டாரிக் அமிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2021-இல் எழுதினார்கள். பழத்தின் ரகத்துக்கும் பழுத்த பதத்துக்கும் ஏற்ப இந்த அமிலம் கூடும், குறையும். ஒரு நாய் தப்புவதும் இன்னொன்று மாட்டுவதும் ஏன் என்பது அதிலிருந்து விளங்குகிறது.

தமிழ் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்கு அடுத்து வருகிறது. டார்டாரிக் அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். புளியோதரை, வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல் ஒட்டிய சோறு, குழந்தைகள் சப்பிப் போடும் புளி மிட்டாய் எதுவும் நாயின் தட்டுக்குப் போகக் கூடாது. புளியுருண்டை வைத்த ஜாடி அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தயிர்சாதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சைவ வீட்டு நாய்கள் பலவற்றுக்கு அன்றாடச் சாப்பாடே தயிர்சாதம்தான். 'தினமும் தின்பதுதானே' என்று விருந்துத் தயிர்சாதத்தையும் அதே நம்பிக்கையில் வைத்துவிடுகிறோம். விருந்துத் தயிர்சாதத்தில் பச்சைத் திராட்சையும் கிஸ்மிஸும் கலந்திருக்கும்.

வெங்காயமும் பூண்டும்: மெல்லக் கொல்லும்

வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு நடுத்தரப் பெரிய வெங்காயம் ஒன்றே போதும். சின்ன வெங்காயமும் இதே இனம். பூண்டு இன்னும் வீரியமானது. வதக்கினாலும் வேகவைத்தாலும் காய்ந்த பொடியாக்கினாலும் இந்த நஞ்சு போவதில்லை. அரைத்து விட்ட குழம்பில் துண்டு கண்ணில் படாது, நஞ்சு அப்படியே இருக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்த கறித்துண்டும் பத்திரமானதில்லை. மசாலா அதற்குள் ஊறியிருக்கும்.

அறிகுறி அன்றே வருவதில்லை என்பதுதான் கொடுமை. மூன்று, நான்கு நாள் கழித்து ஈறு வெளிறும், மூச்சு வாங்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் தீபாவளிக் குழம்பை வீடே மறந்திருக்கும். மருத்துவர் கேட்டால், "புதுசா ஒண்ணும் கொடுக்கலையே டாக்டர்" என்போம்.

நடுக்கம் வெடியாலா, விஷத்தாலா?

சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினும் காஃபினும் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் முடுக்கிவிடுகின்றன. நம் உடம்பு தியோப்ரோமினை நாயைவிட வேகமாகக் கழித்துவிடும். நாயின் ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் தவிப்பும் தொடங்கும். 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-இல் வலிப்பு வரலாம். கணக்காகப் பார்த்தால், 5 கிலோ நாய்க்குத் தொல்லை தொடங்க சுமார் 50 கிராம் பால் சாக்லேட் வேண்டும். டார்க் சாக்லேட் என்றால் 20 கிராம் போதும். கோகோ பொடி அதைவிடக் குறைவாகவே போதும். அன்பளிப்பாக வந்த சாக்லேட் பெட்டியை டீப்பாயில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் வீடுகள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

தீபாவளி அன்று இன்னொரு சிக்கலும் உண்டு. வெடிச் சத்தத்துக்குப் பயந்த நாய் நடுங்கும், மூச்சிரைக்கும், கட்டிலுக்கடியில் ஒடுங்கும், நிலைகொள்ளாமல் அலையும். சாக்லேட் தின்ற நாயும் கிட்டத்தட்ட இதையேதான் செய்யும். "வெடிக்குப் பயந்திருக்கு, காலையில சரியாயிடும்" என்று விட்டுவிட்டால் பொன்னான நேரம் கை நழுவிப்போகும். பிரித்தறிய வழி இருக்கிறது. பயந்த நாய், சத்தம் ஓய்ந்த பிறகு மெல்லத் தணியும். பழகிய குரல் கேட்டால் வாலை ஆட்டும். சத்தம் நின்ற பிறகும் நடுக்கம் கூடிக்கொண்டே போனால், வாந்தி எடுத்தால், அடிக்கடி சிறுநீர் கழித்தால், மார்பில் கை வைக்கும்போது துடிப்பு எண்ண முடியாத வேகத்தில் ஓடினால், அது வெடிப் பயம் இல்லை. குப்பைக்கூடையில் சாக்லேட் தாள் கிடக்கிறதா என்று உடனே பாருங்கள்.

நெய்யும் எலும்பும்

அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு, ஆட்டுக் கொழுப்பு எதுவும் நேரடி நஞ்சு இல்லை. ஆனால் கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் நாயின் கணையம் வீங்கி, செரிமான நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கலாம். கணைய அழற்சி என்ற இந்த நோயில் நாய் ஓயாமல் வாந்தி எடுக்கும். வயிற்றைத் தொட்டால் முனகும். முன்னங்கால்களை நீட்டித் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். பார்ப்பவர்களுக்கு விளையாடக் கூப்பிடுவதாகத் தோன்றும். வலி தாங்காமல்தான் அது அப்படி நிற்கிறது.

எலும்பைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை உடைய வேண்டும். வெந்த எலும்பு உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. கடித்தால் ஊசிச் சில்லுகளாக உடையும். அந்தச் சில்லு தொண்டையில் சிக்கும், உணவுக்குழாயைக் கிழிக்கும், குடலில் ஓட்டை போடும். கோழிக்காலும் மட்டன் விலா எலும்பும் மீன்முள்ளும் இதில் ஒன்றுதான். பிரியாணி விருந்தின் எலும்புத் தட்டு, மூடி போட்ட குப்பைத்தொட்டிக்கு நேராகப் போகட்டும்.

மறைந்திருக்கும் ஐந்து

*சைலிடால்:* சர்க்கரை சேர்க்காத சூயிங் கம், மிட்டாய், சில பற்பசைகளில் இருக்கும் இனிப்பு. நமக்குத் தீங்கில்லை. நாயின் உடம்பு இதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும். அளவு கூடினால் கல்லீரலும் கெடும். சர்க்கரை நோயாளிகளுக்காக வாங்கிய இனிப்பு வீட்டில் இருந்தால் அட்டையைப் படியுங்கள். சைலிடால் என்றோ 967 என்ற சேர்க்கை எண்ணோ இருந்தால் பூட்டி வையுங்கள்.

*பிளம் கேக்:* ரம்மில் ஊறிய கிஸ்மிஸ், சாதிக்காய், வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ஒரே துண்டில் சேர்ந்திருக்கும். கிறிஸ்துமஸ் மேசையில் நாயிடமிருந்து முதலில் காக்க வேண்டியது இதுதான்.

*பாக்கு:* தாம்பூலத் தட்டிலிருந்து உருண்டு விழும் பாக்கில் அரிகோலின் உண்டு. நாயின் குடலிலிருந்து நாடாப்புழுவை வெளியேற்ற ஒரு காலத்தில் கால்நடை மருத்துவத்தில் பயன்படுத்திய மருந்து அது. குடலை அப்படி முறுக்கிப் பிழியக் கூடியது. எச்சில் ஒழுகல், வாந்தி, பேதி எல்லாம் வரும். புகையிலை சேர்ந்த பாக்கு இன்னும் மோசம்.

*கற்பூரம்:* பூஜை அறையில் சிதறும் வில்லைகளை நக்கினால் வாந்தியும் வலிப்பும் வரலாம். கோயில் பக்குவத்தில் பச்சைக் கற்பூரம் போட்ட பொங்கலும் அதற்கு வேண்டாம்.

*காப்பிச் சக்கை:* விருந்தாளிகள் வந்த நாளில் பில்டரிலிருந்து தட்டிக் கொட்டும் தூளிலும் காஃபின் மிச்சம் இருக்கும்.

நாயின் பங்கு, தாளிப்புக்கு முன்னே

அப்படியானால் என்னதான் கொடுப்பது? சாப்பிட உட்காரும் முன்பே காக்கைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கிறோமே, அந்த முறைதான் இதற்கும். எச்சில் இலையிலிருந்து போடாமல், சமையல் நடக்கும்போதே அடுப்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். உப்பு, வெல்லம், நெய், தாளிப்பு, மசாலா சேர்வதற்கு முன் எடுத்தது நாயின் பங்கு. சேர்ந்த பிறகு இருப்பது நம் பங்கு.

*பொங்கல்:* பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, கரண்டியால் மசிக்கும் நேரம். வெல்லப்பாகு இன்னும் பக்கத்து அடுப்பில் இருக்கிறது. முந்திரியும் கிஸ்மிஸும் இன்னும் நெய்யில் விழவில்லை. அப்போது இரண்டு மேசைக்கரண்டி எடுத்து நாயின் கிண்ணத்தில் போட்டு ஆறவிடுங்கள். அதற்கு அதுதான் பொங்கல். கூடவே தோல் நீக்கி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டு துண்டு தரலாம். சேனையும் கருணையும் நாக்கை அரிக்கும், வேண்டாம். கரும்புச் சக்கை குடலை அடைக்கும். தெருவில் துப்பிய சக்கையைப் பொறுக்கவிடாதீர்கள்.

*விநாயகர் சதுர்த்தி:* பூரணம் வைக்காத வெறும் மாவில் ஒரு சின்னக் கொழுக்கட்டை பிடித்து ஆவியில் வேகவையுங்கள். சுண்டலுக்குக் கடலை வேகும்போது உப்புப் போடும் முன் நாலைந்து எடுத்து நசுக்கிக் கொடுங்கள்.

*ஆயுத பூஜை:* பொரியும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் தரலாம், சர்க்கரை கலக்கும் முன். பூசணிக்காய் திருஷ்டி சுற்ற உடைத்தது வேண்டாம், அதில் குங்குமமும் காசும் கிடக்கும். சமையலுக்கு வாங்கியதில் ஒரு துண்டை வேகவைத்துக் கொடுங்கள்.

*தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ்:* கறி கழுவியதும், மசாலா தடவும் முன், எலும்பில்லாத, கொழுப்பில்லாத இரண்டு துண்டைத் தனிக் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் விட்டு வேகவையுங்கள். உப்பில்லாத சோற்றில் பிசைந்து போட்டால் அதன் பிரியாணி தயார். சைவ வீட்டில் வெறும் சோறும் புளிக்காத தயிரும், மசித்த கேரட்டும் பீன்ஸும் போதும். இனிப்புக்குப் பதில் வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாளி, கொட்டை நீக்கிய மாம்பழத் துண்டு. வெறும் இட்லி ஒரு விள்ளல் தவறில்லை. சாம்பாரும் சட்னியும் வேண்டாம்.

அளவு முக்கியம். தின்பண்டம், பண்டிகைப் பங்கு எல்லாம் சேர்ந்து நாயின் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி தேவை. அதில் பத்தில் ஒன்று 60. ஒரு நெய் லட்டில் 150 கலோரிக்கு மேல் இருக்கும். பாட்டி போடும் ஒரு லட்டு, நாயின் இரண்டரை நாள் தின்பண்டக் கணக்கை ஒரே வாயில் முடித்துவிடுகிறது. சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, முன்பே கணைய அழற்சி வந்த நாய்களுக்கு இந்தப் பங்கையும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

• என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். தாள், டப்பா, மிச்சம் எது இருந்தாலும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நாயின் எடையும் தெரிந்திருக்க வேண்டும்.

• அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, வயிற்றிலிருந்தே வெளியேற்ற முடியும். ரத்தத்தில் கலந்த பிறகு நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவரும்.

• உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே மூளையைப் பாதிக்கும். எலும்பு விழுங்கிய நாய்க்கும் வலிப்பில் இருக்கும் நாய்க்கும் வீட்டில் வாந்தி வரவழைக்க முயலவே கூடாது.

• பால் கொடுத்தால் விஷம் முறியாது. தீபாவளி லேகியம் நம் வயிற்றுக்குத்தான் மருந்து, நாய்க்கு இல்லை. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற நம் வலி மாத்திரைகள் நாயின் உயிரையே எடுக்கலாம்.

• பண்டிகை நாளில் பல கிளினிக்குகள் பூட்டியிருக்கும். 1903-இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் ஆகியவற்றோடு இணைந்த மருத்துவமனைகளில் உங்களுக்கு அருகில் இருப்பது எது, விடுமுறையில் எந்த நேரம் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு

இதில் கடினமான வேலை சமையல் இல்லை, பத்துப் பேரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதுதான். விருந்தினரிடம் "தயவுசெய்து நாய்க்கு எதுவும் போட்டுடாதீங்க" என்று சொன்னால் அவர்கள் முகம் சுருங்கும். அதற்கு மாறாக, வேகவைத்த கிழங்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, "மாமா, இதிலிருந்து ஒண்ணு கொடுங்க, இது அதோட பலகாரம்" என்று நீட்டுங்கள். கொடுத்த மகிழ்ச்சி அவருக்கு. நாயின் வயிறும் பத்திரம். அந்த டப்பாவைக் காலையில் ஒரே முறை நிரப்புங்கள். தீர்ந்தால் அன்றைய பங்கு முடிந்தது. குழந்தைகளுக்கு இந்த டப்பாவின் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் அவர்களைவிடக் கண்டிப்பான காவல் கிடையாது.

அடுத்த பண்டிகைக்கு முன் மூன்று காரியம் செய்துவிடுங்கள். நாயின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். விடுமுறையிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். அடுப்பில் முதல் பாத்திரம் ஏறும்போதே நாயின் கிண்ணத்தைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாத உயிர் அது. நாம் நீட்டுவது எதுவானாலும் நம்பித் தின்னும். அந்த நம்பிக்கைக்கு ஏற்றதை மட்டுமே கையில் எடுப்போம்.